பகல் தூக்கம்

துப்பாக்கி போல ஒன்றை எடுத்து
கூரைக்கு நேரே பிடித்தான் அந்தப் பையன்.
ஐம்பத்து நாலு என்றது அது.
அடியில் பாயில் கிடந்தவர்
புரண்டு படுத்தார்.

கழுத்தில் அட்டை. பெயர் இன்பராஜ்.
வீட்டுச் சூட்டைக் குறைக்க அரசாங்கம் பணம் தருகிறதாம்,
கூரைக்கு வெள்ளை அடிக்க, பழைய ஃபேனை மாற்ற.
கரண்ட் மிச்சமாகுமாம், புகையும் குறையுமாம்.
எண்ணூரில் நின்றுகொண்டு
புகை குறையும் என்று சொன்ன முதல் ஆள்.
குடிக்கத் தண்ணீர் கொடுத்தேன்.

கூரையின் வகை?
ஆஸ்பெஸ்டாஸ்.
ஃபேன் எத்தனை?
ஒன்றரை. மேசை ஃபேன் ஒரு பக்கம்தான் திரும்பும்.
ஈபி கார்டு யார் பெயரில்?
அங்கேதான் பேனா நின்றது.

கார்டு தணிகாசலம் பெயரில்.
தணிகாசலம் கொளத்தூரில், ஏசியில்.
முதல் தேதி தவறாமல் வருவார்
யூனிட்டுக்கு எட்டு ரூபாய் வாங்குவார்.
இலவச யூனிட் நூறும்
அவர் சட்டைப்பையைத் தாண்டி இறங்கியதில்லை.

மானியம் வீட்டு ஓனருக்கு, என்றான் பையன்
தரையைப் பார்த்து.
சூடு குடியிருக்கிறவளுக்கு, என்றேன்.
அதுக்குக் கட்டம் இல்லக்கா.

சுவரில் இடுப்பளவில் ஒரு கறுப்புக் கோடு.
பெயின்ட்டா என்று கேட்டான்.
வெள்ளத்தோடு எண்ணெய் வந்த வருஷம்
வீட்டுக்குள் அது நின்ற உயரம்.
மூன்று முறை சுண்ணாம்பு அடித்தும்
மறுபடி மேலே வந்துவிடுகிறது.
எழுதிக்கொள்ளவில்லை. படம் மட்டும் எடுத்தான்.

இவர் அனல்மின் நிலையத்தில் காண்ட்ராக்ட் ஆள்.
நிலக்கரி பெல்ட்டில் இரவு வேலை.
ஊருக்கெல்லாம் ஃபேன் சுற்றுகையில்
அதற்குத் தீனி போடுகிறவர்.
எட்டுக்கு வந்து, குளித்து, கறுப்பு நீரைச் சாக்கடைக்கு அனுப்பி
பத்து மணிக்குப் படுத்தால்
பதினொன்றுக்கு மேலே இரும்பு பைப் விரிந்து
டிக் டிக்கென்று பேசத் தொடங்கும்.
நெஞ்சில் போட்ட ஈரத்துணி
அரை மணியில் அப்பளம்.
இரண்டு முறை பெல்ட் ஓரத்தில் கண்ணசந்து தடுமாறினார்.
குடி, என்று எழுதினான் சூப்பர்வைசர்.
இவர் குடிப்பதில்லை.
எரிந்து விழுவார், அவ்வளவுதான்.

தணிகாசலத்துக்கு மூன்று வாரம் போன் போட்டேன்.
உங்க வீடு, உங்க கூரை, கவர்மென்ட் காசு,
ஒரே ஒரு கையெழுத்து சார்.
போட்டார்.
போட்ட கையோடு வாடகையில் ஐந்நூறு ஏற்றினார்.

ஒரு மதியத்தில் ரோலர் உருட்டி முடித்தார்கள்.
கண்ணுக்குக் கை வைத்துப் பார்த்த பக்கத்து வீட்டு ஜுலேகா
இட்லி ஊத்தி வச்ச மாதிரி இருக்கு, என்றாள்.
அவள் வீட்டு ஓனர் துபாயில்.
கையெழுத்து இன்னும் வரவில்லை.

இரண்டாம் முறை வந்தான் இன்பராஜ்.
நாற்பத்தாறு.
எட்டு டிகிரிக்கா, எட்டு டிகிரி!
ஏதோ அவனே குளிர்ந்துவிட்டது போல.
திட்டத்தில் திருப்தியா? ஆம், இல்லை, ஒன்றைச் சொல்லுங்க.
மெதுவாப் பேசு தம்பி, என்றேன்.
மதியம் ஒன்றரை.
கல்யாணமாகிப் பதினோரு வருஷம்,
இந்த மனுஷன் குறட்டை விடுவார் என்று
இந்த வாரம்தான் எனக்குத் தெரியும்.

பத்து நாளில் வெள்ளை மேல் சாம்பல்.
முகப்பவுடர் போல விரலில் ஒட்டுகிறது.
பெருக்கி வச்சாத்தான் குளிரும் என்று
போகிற போக்கில் சொல்லிப் போயிருந்தான்.
பகலில் பெருக்கினால் இவர் விழித்துக்கொள்வார்.

அதனால் ராத்திரி
சுவரில் ஏணி சாத்தி
மூக்கோடு முந்தானை கட்டி
ஒட்டடைக் கம்பை நீட்டுகிறேன்.
தூரத்தில் புகைபோக்கி உச்சியில் சிவப்பு விளக்கு
அணைந்து அணைந்து எரிகிறது.
அதன் காலடியில் எங்கோ இவர் அள்ளிப் போடுகிறார்.
இங்கே நான் தள்ளுகிறேன்.

கீழிருந்து டார்ச் அடிக்கிறாள் ஜுலேகா.
யாரது மேல?
நான்தான்.
காத்து இந்தப் பக்கம் அடிக்குது,
எங்க ஷீட்டு மேல தள்ளிடாதே.

கம்பைப் பிடித்தபடி நிற்கிறேன்.
நாலு பக்கமும் கூரைகள்.